விறகறையில் பூட்டி வைத்த நான்கு பூனைகள்

மகளே, மகனே, அடுத்த காம்பராப் பெரியப்பாவைக் கண்டால் நீங்கள் இரண்டு பேரும் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறீர்கள். போன கிழமை அவர் நீட்டிய கொய்யாப்பழத்தை மகன் வாங்கவில்லையாம். அப்பா வாங்க வேண்டாமென்று சொல்லியிருக்கிறார் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவன் மேல் பிழையில்லை. நான்தான் அப்படிச் சொல்லி வைத்தேன். நம் பூனைகளை அவர் மருந்து வைத்துக் கொன்றார், வெள்ளைப் பூனைக்கு வந்த நோயும் அந்த மருந்தால் வந்ததுதான் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அது அப்படியில்லை என்று எனக்குத் தெரிந்து ஐந்து மாதம் ஆகிறது. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை கிடந்தால் மகள் திருத்தி வாசிக்க வேண்டும்.

நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எட்டுக் காம்பரா, எட்டுக் குடும்பம், ஒரே கூரை. வீட்டுக்கு வீடு சுவர் இருக்கிறதே தவிர, அது தகரம் வரைக்கும் ஏறவில்லை. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எட்டு வீட்டிலும் தும்மல். பூனைகளுக்கு அது பெரிய வசதி. சுவர் மேல் ஏறினால் முதல் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா வரைக்கும் மண்ணை மிதிக்காமல் போய்விடும். அதனால் யார் வளர்த்தாலும் அது எல்லார் வீட்டுப் பூனைதான். பின்னால் தண்ணீர் விழும் பீலியடியில் ஒரு பழைய தகரத்தட்டு கிடந்தது. மிஞ்சின சோறு, கருவாட்டுத் தலை எல்லாவற்றையும் எட்டு வீட்டுக்காரர்களும் அதில்தான் கொட்டுவோம். எந்தக் காலத்தில் யார் போட்ட தட்டு என்று ஒருவருக்கும் தெரியாது.

நம் வீட்டுக்கென்று நான்கு. செவலைத் தாய். அவள் போட்ட கறுப்பு, வெள்ளை. பிறகு நான் கொண்டு வந்த சாம்பல் கடுவன். வெள்ளை மகளுடையது. செவலை அதைப் பிறந்த மூன்றாம் நாளே தள்ளி வைத்துவிட்டாள். மகள்தான் பால்மாவைக் கரைத்துத் துணித்திரியில் நனைத்து நனைத்து ஊட்டினாள். அதனாலோ என்னவோ அது மற்றப் பூனைகளோடு சேரவே இல்லை. மகளின் கால்மாட்டில் படுக்கும், மகள் வைத்த சிரட்டையில் தின்னும், அடுப்படியைத் தாண்டிப் போகாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பலன் வந்தது எலியால். அரிசி மூட்டையை எலி ஓட்டை போட்டது என்று, டவுனில் நாம் சாமான் வாங்கும் கடை முதலாளியிடம் ஒரு பூனை கேட்டேன். அவருடைய மூட்டை அறையில் ஏழெட்டுப் பூனை இருந்தது. நல்ல வேட்டைக்காரன் என்று பிடித்துக் கொடுத்தார். குண்டு, பளபளப்பு, கண்ணில் ஒரு பீளை கிடையாது. வந்த அன்றைக்கே செவலையின் கழுத்தை நக்கிக் கொடுத்துச் சினேகம் பிடித்துக்கொண்டான். நல்ல குணம் என்று நான் எல்லாரிடமும் சொன்னேன்.

நாலு மாதம் கழித்துச் செவலை மூன்று குட்டி போட்டாள். ஒன்றும் பால் குடிக்கவில்லை. பத்து நாளைக்குள் மூன்றும் போய்விட்டன. அதற்குப் பிறகு செவலை இளைக்கத் தொடங்கினாள். முதுகெலும்பைத் தடவினால் பாக்குமாலை மாதிரி விரலில் உருண்டது. ஈறு வெளுத்துப்போனது.

அந்த நேரத்தில்தான் எனக்குப் பெரியப்பா சொன்ன ஒரு சொல் நினைவு வந்தது. அவருடைய கோழிக்குஞ்சு இரண்டைக் கறுப்பு தூக்கியிருந்தது. பீலியடியில் வாளியை வைத்துவிட்டு, “இந்தப் பூனைங்களுக்கு ஒரு முடிவு கட்டினாத்தான் சரிப்படும்” என்றார். சொன்ன அன்று நான் சிரித்தேன். செவலை இளைத்த பிறகு அந்தச் சொல் வேறு மாதிரிக் கேட்டது. அவருக்கு மலையில் என்ன வேலை? முதுகில் டாங்கியைச் சுமந்துகொண்டு புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. நஞ்சு அவர் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதற்கு மேல் எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு அவர் பூனையைப் பார்த்தால், ஏன் பார்க்கிறார் என்று நினைப்பேன். பார்க்காமல் போனால், ஏன் பார்க்காமல் போகிறார் என்று நினைப்பேன். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது அவர் சட்டைப்பை உப்பியிருந்தால் என் கண் அங்கேதான். கோழிக்கூட்டுக்குப் பின்னால் நீல நிறத்தில் ஒரு மூடி கிடந்தது. அதை இலையால் எடுத்துப் பொலித்தீனில் முடிந்து வைத்தேன். பிற்பாடு பார்த்தால் சவர்க்காரத் தண்ணிப் போத்தலின் மூடி. பீலியடித் தட்டைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவி, யாருடைய காலடி விழுகிறது என்று பார்த்தேன். காலையில் ஒரே ஒரு காலடி. ஈர்க்கில் வைத்து அளந்தேன். அம்மாவுடையது.

“அடுத்து என்னத்தான் புடிச்சுக் குடுக்கப் போறீங்களா?” என்றாள்.

அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கையில்லை. மருந்து குடித்தால் அன்றைக்கே போய்விடும், இது மாதக்கணக்கில் இளைக்கிறதே என்று கேட்டாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வைக்கிறார், நமக்குத் தெரியக்கூடாதென்று அப்படிச் செய்கிறார் என்றேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். சந்தேகம் வந்தவனுக்கு எல்லாமே சாட்சிதான். இல்லையென்று காட்டுகிற சாட்சியைக்கூட அவன் தன் பக்கம் இழுத்துக்கொள்வான்.

பிறகு கறுப்புக்கு வாயில் புண் வந்தது. நான் பயந்தது வெள்ளைக்காகத்தான். அது போனால் மகள் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு வேலை செய்தேன். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை முடிந்து வந்த ஒரு பின்னேரம், சமைக்கிற குசினிக்குப் பின்னால் இருக்கிற விறகறையைக் காலி பண்ணி, சுவர் மேல் இடைவெளியைப் பலகையால் அடைத்து, நான்கு பூனைகளையும் உள்ளே விட்டுப் பூட்டினேன். சாப்பாட்டுக்கு ஒரு தட்டு. தண்ணீருக்கு ஒரு சட்டி. படுக்க ஒரு சாக்கு. சாவி என் அரைஞாணில்.

மகள் வெள்ளையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். அது தன்னோடுதான் தூங்கும், தன் சிரட்டையில்தான் தின்னும் என்றாள். நான் அவள் கையிலிருந்து பிடுங்கி உள்ளே போட்டேன். அது உன் நல்லதுக்குத்தான் என்றேன். அன்றைக்கு அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், அப்படி வைத்திருந்தேன். சோற்றை நானே குழைத்து, நானே வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, நானே உள்ளே வைத்தேன். பலகை இடுக்கால் எட்டிப் பார்ப்பேன். நான்கும் ஒரே சாக்கில் சுருண்டு படுத்திருக்கும். சாம்பலன் வெள்ளையின் தலையைப் பிடித்து வைத்துக்கொண்டு நக்குவான். முதலில் சீறிய வெள்ளை, பிறகு கண்ணை மூடிக் கழுத்தைக் கொடுத்தது. எல்லாம் ஒற்றுமையாகிவிட்டன என்று எனக்குச் சந்தோஷம்.

ஆறாம் கிழமை செவலை அந்தச் சாக்கிலேயே செத்துக் கிடந்தாள்.

பூட்டின அறை. சாவி என்னிடம். சோறு என் கை. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பலகையைக் கழற்றி, அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். ஆணி அளவுக்கு ஒன்று இருந்தது. அது போதும் எனக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்களும் அங்கே நின்றீர்கள். ஸ்டோரின் சக்கரத்துக்குக் காவல் என்று நாம் கும்பிடுகிற ரோதமுனி கல்லுக்கு முன்னால், லயத்து ஆட்களைக் கூட்டி, பெரியப்பாவைச் சத்தியத்துக்குக் கூப்பிட்டேன். கல்லின் மேல் சூடத்தைக் கொளுத்தி வைத்து, சத்தியத்தைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்யாக அணைத்தவன் குடும்பம் விளங்காது என்பார்கள். அதனால் அணைப்பதைவிட, அணைக்கச் சொல்லிக் கூப்பிடப்படுவதுதான் அவமானம். ஒரு பூனைக்காக யாரும் அப்படிக் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வராவிட்டால் அதுவே சாட்சியாகிவிடும். ஆனால் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்தார்.

“நான் இவங்க பூனைக்கு ஒன்னும் வெக்கல. வெச்சிருந்தா ஏம் புள்ளைங்க நல்லா இருக்காதுங்க” என்று சொல்லி அணைத்தார். பிறகு கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இப்ப நீ ஒன்னு கொளுத்து தம்பி. ஒன் பூனைய நீ கொல்லலேன்னு அணை.”

இரண்டொரு பேர் சிரித்தார்கள். நான் கொளுத்தவில்லை. கொலைகாரனுக்கு வாயைப் பார் என்று வழியெல்லாம் உங்களிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் எதைக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது என்று சொன்னதும் அன்றைக்குத்தான்.

மறுநாள் வெள்ளை சாப்பிடவில்லை. காது கொதித்தது. மகள் விறகறை வாசலில் உட்கார்ந்து, வெள்ளையும் செத்துப்போகுமா அப்பா என்று கேட்டாள். கொழுந்துக் கூடையில் மூன்று பூனைகளையும் போட்டு, மேலே சாக்கைத் தைத்து, நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். நீங்கள் நினைத்தீர்கள், வைத்தியத்துக்கென்று. உண்மையைச் சொன்னால் பாதிதான் வைத்தியத்துக்கு. மற்றப் பாதி, நஞ்சு என்று டாக்டர் கையால் ஒரு துண்டு எழுதி வாங்கி, அதைப் பெரியப்பா முன்னால் நீட்டுவதற்கு.

மிருக டாக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை, நம் மகளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். தமிழை நிதானமாகப் பேசினார். நான் போனதும் போகாததுமாக, என்ன மருந்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து எழுதித் தாருங்கள் என்றேன். அவர் கறுப்பின் வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். கழுத்தடியில் நெறிக்கட்டியைத் தடவிப் பார்த்தார். ஊசியால் இரத்தம் எடுத்து ஒரு சின்ன வெள்ளைத் தகட்டில் சொட்டு விட்டார். கொவிட் காலத்தில் நம் மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்தார்களே, அதே மாதிரித் தகடு. ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு வந்தால் இருக்கிறது. கறுப்புக்கு இரண்டு கோடு. மற்ற இரண்டையும் எடுக்கச் சொன்னார். சாம்பலனுக்கு இரண்டு கோடு, நல்ல அழுத்தமாக. வெள்ளைக்கு முதலில் ஒன்றுதான் தெரிந்தது. நான் மூச்சு விட்டேன். பிறகு இரண்டாவது கோடு மங்கலாக வந்தது.

“வெசம் இல்ல ஐயா,” என்றார். “எச்சி.”

எனக்கு விளங்கவில்லை. அவர் மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டு விளக்கினார். இது பூனைகளுக்கு வருகிற லியூக்கீமியா வைரஸ் என்கிற கிருமியாம். இரத்தத்தில் இருந்துகொண்டு எச்சிலிலும் மூக்குச்சளியிலும் வெளியே வருகிறது. ஒன்றை ஒன்று நக்கினால் போகும். ஒரே தட்டில் தின்று ஒரே சட்டியில் குடித்துக்கொண்டே இருந்தால் போகும். கடித்தால் போகும். தாயின் வயிற்றிலேயும் பாலிலேயும் குட்டிக்குப் போகும். சின்ன வயதுப் பூனை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வெளியே விழுந்தால் கிருமிக்கு அதிக நேரம் உயிரில்லை, சவர்க்காரம் பட்டாலே செத்துப்போகும். அதனால் சும்மா வந்து போகிற பூனையைவிட, கூடவே கிடக்கிற பூனைக்குத்தான் ஆபத்து.

பிறகு கேட்டார்: “இதுங்க எல்லாம் ஒரே தட்டா?”

“ஒரே தட்டு, ஒரே சட்டிங்க மிஸ். ஏழு கிழமையா பூட்டித்தான் வெச்சிருந்தேன். சாவி ஏங்கிட்டதான்.”

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் குனிந்து சீட்டில் என்னமோ எழுதினார். எழுதி முடித்த பிறகும் நிமிரவில்லை. அப்போதுதான் எனக்கு மெதுவாக உறைத்தது.

ஆனால் உறைத்த உடனே ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். முதலில் தகட்டைச் சந்தேகப்பட்டேன். பழைய தகடாக இருக்கலாம் என்றேன். சாம்பலன் குண்டாக இருக்கிறானே, அவனுக்கு எப்படி என்றேன். சில பூனை வருடக்கணக்கில் ஒன்றும் காட்டாமல் சுமந்துகொண்டு திரியும், கூட இருக்கிறதுதான் இளைக்கும் என்றார். எந்த நாளில் வெள்ளைக்குப் பிடித்தது என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். மனிதருக்கு வருமா என்று இரண்டு தரம் கேட்டேன், மகள் அதோடு தூங்கியவளாயிற்றே. மனிதருக்கு வராது, நாய்க்கும் கோழிக்கும் வராது என்று இரண்டு தரமும் கோபப்படாமல் சொன்னார். சில பூனையின் உடம்பு கிருமியைத் தானே வெளியே தள்ளிவிடும், வெள்ளையைத் தனியாக வைத்து ஆறு கிழமைக்குப் பிறகு திரும்பக் கொண்டு வாருங்கள் என்றார்.

திரும்பும் வழியில் கடைக்குப் போனேன். முதலாளிக்கு முன்பே தெரிந்திருக்கும், வேண்டுமென்றுதான் தலையில் கட்டியிருக்கிறார் என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணிவிட்டேன். அவர் ஒன்றும் தெரியாமல் முழித்தார். தன் பூனைகளெல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன என்று மூட்டை அறையைத் திறந்து காட்டினார். பருப்பு மூட்டைக்கு அடியில் ஒரு தட்டு, அதைச் சுற்றி ஐந்து தலை. மூட்டை மேல் எலும்பும் தோலுமாக ஒன்று படுத்திருந்தது. அது பிறந்ததிலிருந்தே நோஞ்சான் என்றார். அவரைத் திட்டத்தான் போனேன், முடியவில்லை. அவர் என்னைப்போலத்தான் இருந்தார். டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கறுப்பு அந்தக் கிழமையே போய்விட்டது. உங்களிடம், வெள்ளைக்கு உடம்பு சரியில்லை, வேறு பூனையோடு சேர விடக்கூடாதென்று டாக்டர் சொன்னார் என்று மட்டும் சொன்னேன். மருந்தால்தானே அப்பா என்று மகன் கேட்டான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பீலியடித் தட்டை எடுத்துப் புதைத்தேன். எங்கே தட்டு என்று கேட்டவர்களிடம் துருப்பிடித்துவிட்டது என்றேன். நோய் என்று சொன்னால் சூடத்தைப் பற்றிக் கேட்பார்களே. என் மானத்துக்காக மற்ற வீட்டுப் பூனைகளைப் பற்றிக்கூட நான் வாயைத் திறக்கவில்லை.

பெரியப்பாவிடம் மட்டும் சொன்னேன். பீலியில் டாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தார், பக்கத்தில் யாருமில்லை. டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொல்லி, மன்னிச்சிருங்கண்ணே என்றேன். அவர் டாங்கியைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தார்.

“சத்தியம் எல்லாரு முன்னுக்கும் கேட்ட. மன்னிப்பு மட்டும் பீலியடியிலயா?”

பிறகு, சாம்பலனை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். சாக்கால் மறைத்து விறகறையில் என்றேன். கோழிக்கூடு ஒன்று சும்மா கிடக்கிறது, பெரிய கூடு, கொண்டு போய் அதில் வை என்றார். கூட்டைத் தூக்கப் போன நான், என்னை அறியாமல் குனிந்து மோந்து பார்த்துவிட்டேன். மருந்து வாடை அடிக்கிறதா என்று. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

“மோந்தாச்சா? சரி, தூக்கிட்டுப் போ.”

அந்தக் கூட்டில் சாம்பலன் ஒரு மாதம்தான் இருந்தான். நோய் வெளியே தெரிந்ததும், குண்டாக இருந்தவன் நாலே நாளில் முடிந்துபோனான்.

பெரியப்பா இன்று வரைக்கும் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் பெயர் சுத்தமாகியிருக்கும், என் பெயர் கெட்டிருக்கும். நீங்கள் முகத்தைத் திருப்பும்போதுகூட, உங்கப்பன்தான் பிழை என்று அவர் சொல்லவில்லை. கொய்யாப்பழத்தைத்தான் நீட்டினார். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் எல்லாரையும் அதே கல்லடியில் கூட்டிச் சொல்லப்போகிறேன். இனி வீட்டுக்கு வீடு தனித் தட்டு வைக்கவும், இளைக்கிற பூனை இருந்தால் டாக்டரிடம் காட்டவும் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் என் மூலமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கொன்றது அவர் இல்லை. நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் சாம்பலனைக் கொண்டு வந்தவன் நான், வெள்ளையை மகள் கையிலிருந்து பிடுங்கி அவனோடு பூட்டியவனும் நான்.

இன்னொன்றையும் மறைத்துவிட்டேன். ஆறு கிழமைக்குப் பிறகு வெள்ளையை இரண்டாம் தரம் கொண்டு போனபோது, கோடு மங்கவில்லை. முன்னைவிட அழுத்தமாக வந்தது. எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டேன். மாதக்கணக்கும் இருக்கலாம், வருடக்கணக்கும் இருக்கலாம், நன்றாகத் தின்னக் கொடுத்துத் தனியாக வைத்திருங்கள் என்றார். தனியாக என்றால் வேறு பூனையே இல்லாமல்.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள். அம்மா கொழுந்து நிறுக்கப் போயிருந்தாள். கூடையைத் திறந்துவிட்டேன். வெள்ளை வெளியே வந்து வாசல் இஸ்தோப்பில் விழுந்த வெயிலில் உட்கார்ந்து தன்னை நக்கத் தொடங்கியது. கால், வயிறு, வால் எல்லாம் நக்கியது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் மட்டும் அதன் நாக்கு எட்டவில்லை. அந்த இடத்தில் பஸ் தூசி அழுக்காக ஒட்டியிருந்தது. அதை நக்கிவிட இனி ஒரு பூனையும் கிடையாது. நான் அடுப்பிலிருந்த கேத்தல் தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு, சாரத்து முனையை நனைத்துப் பிழிந்து, காதுக்குப் பின்னால் மெதுவாகத் துடைத்துவிட்டேன்.